திசை பிறழ்ந்த கணம்: அமீலியா ஏர்ஹார்ட் அம்மையாரின் வரலாறு

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுவழியில் இலுப்பைக்கடவை என்னும் எமது ஊர் உள்ளது. கடவை என்பது கடந்து செல்லும் இடத்தைக் குறிக்குஞ் சொல். இவ்வூர்க் கரையில் நின்று வள்ளங்கள் புறப்படுவதைப் பார்ப்போர் ஓர் உண்மையைக் கண்டிருப்பர். வள்ளம் ஓடத் தொடங்கிய பின்னரே சுக்கான் வேலை செய்யும். நின்ற வள்ளத்திலே சுக்கானை எத்துணை திருப்பினும் பயனில்லை. நீர் விரைந்து பின்செல்லும்போதுதான் சுக்கானுக்கு உயிர் உண்டாகிறது. ஆதலின், கரையை விட்டு விலகி ஓட்டம் பிடிக்கும் அச்சிறு பொழுதே ஆபத்தானது. நடுக்கடலுக்கு அஞ்சாத முதியோரும் கரையோரத்துக்கு அஞ்சுவர்.

வானூர்திக்கும் இஃதே இயல்பு. விண்ணில் ஏறிய பின் அதனை ஆள்வது எளிது. நிலத்தில் ஓடி, வேகம் பெற்று, எழும்பும் வரையுள்ள சில விநாடிகளே விமானியின் கைத்திறனை அளந்து காட்டும். அந்த விநாடிகளில் ஒருமுறை திசை பிறழ்ந்தமையால் வாழ்வின் போக்கே மாறிய ஒருவர் அமீலியா ஏர்ஹார்ட் அம்மையார். அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் 1937 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவர் பசுபிக் சமுத்திரத்தில் மறைந்ததையே விரித்துரைப்பர். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், ஒருவருக்கும் காயமின்றி முடிந்த ஒரு சிறு விபத்தை ஓரிரு வரிகளிற் சொல்லிக் கடந்து செல்வர். அம்மார்ச் மாத விபத்தே யூலை மாத முடிவுக்கு வித்தாயிற்று என்பது நம் கருத்து. அதனை விளக்கும் பொருட்டு அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

ஐக்கிய அமெரிக்காவிலே, கான்சஸ் மாநிலத்தில், மிசூரி ஆற்றங்கரையில் அமைந்த அச்சிசன் என்னும் நகரில், 1897 ஆம் ஆண்டு யூலை 24 ஆந் தேதி அமீலியா பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் நீதிபதியாய் இருந்து ஓய்வுபெற்றவர், செல்வாக்கு மிக்கவர். தந்தையார் எட்வின் வழக்கறிஞர்; புகையிரதக் கம்பனிகளின் அலுவல்களைப் பார்த்து வந்தார். அறிவிற் சிறந்தவராயினும் மதுப்பழக்கம் அவரை வீழ்த்திற்று. அதனால் குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. அமீலியாவும் பள்ளிவிட்டுப் பள்ளி மாறிப் படித்தார். நிலையான இல்லமும் நிலையான வருவாயும் இல்லாத அவ்விளமை, பிறர் கையை எதிர்பாராது வாழவேண்டும் என்னும் உறுதியை அவர் உள்ளத்தில் ஊன்றியது.

பெண்பிள்ளைகள் அடக்கமாய் வீட்டினுள் இருத்தல் வேண்டும் என்று கருதப்பட்ட காலம் அது. அமீலியாவோ மரம் ஏறினார். தங்கை மியூரியலையும் உடன் அழைத்துக்கொண்டு வயல்வெளியெங்குந் திரிந்தார். ஏழு வயதில், கொட்டகைக் கூரையிலிருந்து நிலம்வரை பலகைகளைச் சாய்த்துச் சறுக்குப் பாதை ஒன்று அமைத்தார். மரப்பெட்டியில் அமர்ந்து அதன்மேல் வழுக்கி விழுந்தார். உடை கிழிந்தது, உதடும் அடிபட்டது. அழுகைக்குப் பதிலாக மகிழ்ச்சியே அவர் முகத்திற் காணப்பட்டதாம்.

1917 ஆம் ஆண்டு இறுதியில், கனடாவின் ரொறன்ரோ நகரிற் பயின்றுகொண்டிருந்த தங்கையைக் காணச் சென்றார். அங்கே முதல் உலகப் போரிற் காலும் கையும் இழந்து திரும்பிய வீரர்கள் தெருவில் நடந்து செல்வதைக் கண்டார். தமது கல்லூரிப் படிப்பை அங்கேயே விடுத்து, போர்வீரர் மருத்துவமனை ஒன்றில் தாதியர்க்கு உதவியாளராய் அமர்ந்தார். ஓய்வு நேரங்களிற் பக்கத்து விமானத் திடலுக்குச் சென்று, பனித்துகளை வாரியடித்துக்கொண்டு எழும்பும் போர்விமானங்களைப் பார்த்து நின்றார். விண்மேல் வேட்கை அங்கே துளிர்த்தது.

வானூர்திக் கல்வி

அவ்வேட்கை வேரூன்றியது 1920 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆந் தேதி. அன்று கலிபோர்ணியாவிலே தந்தையார் 10 டொலர் கொடுத்து, பிராங் ஹாக்ஸ் என்னும் விமானியுடன் 10 நிமிடம் பறக்க ஏற்பாடு செய்தார். சில நூறு அடி உயரம் எழுந்தவுடனேயே, தாமும் விமானம் ஓட்டியே தீர்தல் வேண்டும் என்று அமீலியா துணிந்துவிட்டார்.

துணிவு மாத்திரம் போதுமா? பொருள் வேண்டுமே! தந்தையாரிடம் அதற்குப் பணம் இல்லை. தொலைபேசி நிலையத்திலே வேலை செய்தார், புகைப்படம் எடுத்தார், பாரவண்டியும் ஓட்டினார். இவ்வாறு சேர்த்த பணத்தைக் கொண்டு 1921 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆந் தேதி நேட்டா ஸ்நூக் என்னும் பெண் விமானியிடம் பாடங் கேட்கத் தொடங்கினார். பெண்ணுக்குப் பெண்ணே ஆசிரியையாய் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலேயே மஞ்சள் வண்ணம் பூசிய சிறு விமானம் ஒன்றை வாங்கினார். 1922 ஆம் ஆண்டு ஒக்டோபரில் 14,000 அடி உயரம் பறந்து, அதுவரை எப்பெண்ணும் எட்டாத உயரத்தை எட்டினார். 1923 இல் அனைத்துலக விமானிச் சான்றிதழ் பெற்றார். அச்சான்றிதழ் பெற்ற அமெரிக்கப் பெண்களுள் அவர் 16 ஆமவர்.

பின்னர் வறுமை மீண்டும் வந்தது. பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர், விமானமும் விலைப்பட்டது. பொஸ்டன் நகரிலே, குடியேறி வந்த ஏழை மக்களுக்கு உதவும் டெனிசன் இல்லம் என்னும் நிலையத்தில் அமீலியா பணியாற்றினார். சிரியர், சீனர் முதலியோரின் பிள்ளைகளுக்கும் பெரியோர்க்கும் ஆங்கிலம் கற்பித்தார். ஆசிரியத் தொழிலின் அருமையை அவர் அறிந்திருந்தார் என்பதை நம்மனோர் மறத்தலாகாது.

பெயரும் அதன் பாரமும்

1928 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்நிலையத்திற்கு வந்த தொலைபேசி அழைப்பு ஒன்று அவர் வாழ்வை மாற்றிற்று. அத்திலாந்திக் சமுத்திரத்தை விமானத்திற் கடக்கும் முதற் பெண்ணாக அவர் வர விரும்புவாரா என்பது வினா. இசைந்தார். யூன் 17, 18 ஆந் தேதிகளில், வில்மர் ஸ்டல்ஸ், லூ கோர்டன் என்னும் இருவர் இயக்கிய விமானத்தில், நியூபவுண்ட்லாந்திலிருந்து வேல்ஸ் நாட்டுக் கரையை 20 மணி 40 நிமிடத்தில் அடைந்தார். உலகமோ விமானம் ஓட்டியவர்களை மறந்து, உடன் சென்ற பெண்ணைக் கொண்டாடிற்று. அக்கொண்டாட்டம் அவருக்கு உவப்பளிக்கவில்லை. கிழங்கு மூட்டைபோல் ஏற்றிச் செல்லப்பட்டவள் தாம் என்று அவரே வெளிப்படையாகக் கூறிக்கொண்டார். உழைக்காது பெற்ற புகழைக் கடனாகக் கருதி, அதனைத் திருப்பிச் செலுத்த முனைந்தார்.

அக்கடனை அவர் செலுத்திய நாள் 1932 ஆம் ஆண்டு மே 20. அன்று மாலை நியூபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிறேஸ் என்னும் இடத்திலிருந்து, ஒற்றை இயந்திரங் கொண்ட லொக்ஹீட் வேகா விமானத்தில் தன்னந்தனியே புறப்பட்டார். உயரங் காட்டும் கருவி பழுதுற்றது. இறக்கைகளிற் பனி உறைந்தது. இயந்திரத்துப் புகைக்குழாயில் வெடிப்புண்டாகி அதனூடே தீநாக்கு தோன்றிற்று. பெற்றோல் கழுத்தருகே சொட்டிற்று. ஏறத்தாழ 15 மணி நேரம் இவற்றோடு போராடி, வட அயர்லாந்திலே லண்டன்டெரி நகருக்கு அணித்தாய மேய்ச்சல் நிலமொன்றில் இறங்கினார். லிண்ட்பேர்க் 1927 இல் தனியே அத்திலாந்திக்கைக் கடந்த பின், அச்செயலைச் செய்த முதற் பெண் இவரே. அந்த வேகா விமானம் வாஷிங்டன் மாநகரத்து விமான, விண்வெளி அரும்பொருட்சாலையிற் போற்றி வைக்கப்பட்டுள்ளது.

1935 ஆம் ஆண்டு ஜனவரியில் ஹொனலூலுவிலிருந்து கலிபோர்ணியாவுக்குத் தனியே பறந்தார். 2,400 மைலுக்கு மேற்பட்ட அக்கடற்பரப்பை ஆண் பெண் எவரும் அதற்குமுன் தனித்துக் கடந்ததில்லை. பெண் விமானிகள் 1929 இல் நிறுவிய சங்கத்திற்கு அவரே முதற் தலைவியானார். 1931 இல் நூல் வெளியீட்டாளராகிய ஜோர்ஜ் பட்னம் என்பவரை மணந்தார். மணம் இன்பந் தராதாயின் ஓராண்டில் தம்மை விடுவித்தல் வேண்டும் என்று முன்னரே கடிதம் எழுதிக் கொடுத்த பின்பே அம்மணத்திற்கு இசைந்தார்.

நிற்க. அவர் குறையற்ற விமானியாய் இருந்தாரா என்பதையும் நடுவுநிலையினின்று நோக்கல் வேண்டும். 1928 இல் பிற்சபர்க் நகரில் இறங்கும்போது விமானம் பள்ளத்தில் அகப்பட்டுச் சேதமுற்றது. 1930 இல் நோர்வோக் நகரில் இறங்கிய பின் விமானம் குப்புறக் கவிழ்ந்தது. 1931 இல் டெக்சஸ் மாநிலத்து அபிலீன் நகரில், சுழலிறக்கை விமானம் ஒன்றை எழுப்புங்கால் விபத்துக்குள்ளாகி, கவனக்குறைவு என்று அரசாங்கத்தின் கண்டனத்தையும் பெற்றார். இவையனைத்தும் நிலத்தை அடுத்து நிகழ்ந்தனவே. விண்ணில் புயலையும் பனியையும் வென்ற கைக்கு, மண்ணோடு ஒட்டிய சில விநாடிகளே சோதனையாய் அமைந்தன.

உலகைச் சுற்றும் எண்ணம்

1935 இல் இந்தியானா மாநிலத்துப் பேர்டியூ பல்கலைக்கழகம் மாணவியர்க்குத் தொழில்வழி காட்டும் ஆலோசகராக அவரை அமர்த்திற்று. பெண்கள் பொறியியல் முதலிய எத்துறையையும் கற்கலாம் என்று அங்கே ஊக்கினார். அப்பல்கலைக்கழகத்தார் திரட்டிய நிதியைக் கொண்டு 1936 யூலையில் லொக்ஹீட் இலெக்திரா என்னும் விமானம் அவர் கைக்கு வந்தது. 55 அடி அகன்ற இறக்கைகளையும் இரு இயந்திரங்களையும் உடையது அது. பயணிகள் அமரும் இடமெங்கும் பெற்றோல் தாங்கிகள் அமைக்கப்பட்டன. 1,100 கலனுக்கு மேல் நிரப்பலாம்.

அதற்குமுன் உலகைச் சுற்றிப் பறந்தோருட் பலர் வடபாகத்துக் குறுகிய வழியையே மேற்கொண்டனர். அமீலியாவோ பூமியின் இடுப்பை, அதாவது நிலநடுக்கோட்டினை ஒட்டிய நீண்ட வழியைத் தெரிந்தார். கலிபோர்ணியாவிலிருந்து மேற்கே ஹொனலூலு. அங்கிருந்து ஹவுலண்ட் என்னும் சின்னஞ்சிறு தீவு. பின்னர் அவுஸ்திரேலியா, ஆசியா, ஆபிரிக்கா என்பது திட்டம். ஹவுலண்ட் தீவு நீளம் ஒன்றரை மைல், அகலம் அரை மைல், உயரம் 20 அடிக்கு மேற்படாத மணற்றிட்டு. பசுபிக் பரப்பில் அதனைக் கண்டுபிடித்தல் வைக்கோற்போரில் ஊசி தேடுவதை ஒக்கும்.

ஆதலின் தக்க துணைவரைச் சேர்த்துக்கொண்டார். ஹரி மானிங் கப்பற் தலைவர். வானொலித் தந்தியிலும் திசை கணிப்பதிலும் தேர்ந்தவர். தம் கப்பலில் விடுப்புப் பெற்று வந்தவர். பிரெட் நூனன் பசுபிக் விமானத் தடங்களைக் கணித்துப் பழகியவர்; விண்மீன் நோக்கி இடம் அறிவதில் வல்லவர். கடினமான முதற்பகுதியில் இவ்விருவரும் உடன் வருவர். நூனன் ஹவுலண்டிலும் மானிங் அவுஸ்திரேலியாவிலும் பிரிய, எஞ்சிய வழியை அமீலியா தனியே பறப்பார் என்பது ஏற்பாடு. விமானந் தொடர்பான ஆலோசகர் போல் மாண்ட்ஸ் ஹொனலூலு வரை உடன் சென்றார். 1937 மார்ச் 17 ஆந் தேதி புறப்பட்டு, 16 மணி நேரத்திற்குட்பட்ட பறப்பில் ஹொனலூலுவை அடைந்தனர்.

லூக் களத்து விபத்து

மார்ச் 20, விடியற் பொழுது. பேர்ள் துறைமுகத்து நடுவேயுள்ள போர்ட் தீவின் லூக் விமானக் களம். 900 கலன் பெற்றோலைச் சுமந்து இலெக்திரா நின்றது. உள்ளே அமீலியா, மானிங், நூனன் என்னும் மூவர். மாண்ட்ஸ் அங்கேயே தங்கிவிட்டார். விமானம் ஓடத் தொடங்கிற்று.

அக்காலத்து விமானங்களின் அமைப்பை ஈண்டு அறிதல் வேண்டும். பெருஞ்சக்கரங்கள் இரண்டும் முன்னே இருக்கும். வாலின்கீழ் ஒரு சிறு சக்கரம். பாரத்தின் நடுவிடம் பெருஞ்சக்கரங்களுக்குப் பின்னே விழும். முன்னாலிருந்து இழுக்கப்படும் வண்டி இழுத்த வழியே நேராய் வரும். அதையே பின்னின்று தள்ளினால், சற்று விலகியதும் மேலும் மேலும் விலகவே முயலும். வால்தாழ்ந்த விமானத்தின் இயல்பும் இதுவே. மூக்கு ஒருபுறம் சிறிது திரும்பினால், பின்னே உள்ள பாரம் வாலை மறுபுறம் வீசி, அத்திருப்பத்தைப் பெரிதாக்கும். பாரம் மிகுந்தால் வீச்சும் மிகும். தடுக்க வேண்டிய சுக்கானோ, காற்று விரைந்து மோதினாலன்றி வேலை செய்யாது. ஆகவே எழும்பும் ஓட்டத்தின் முற்பகுதியில், இரு இயந்திரங்களின் விசையை ஒன்றுக்கொன்று கூட்டியுங் குறைத்தும் திசையைப் பிடித்து வைத்தல் சிலர் வழக்கம். பழுத்த விமானிகள் இவ்வழக்கத்தை விரும்புவதில்லை. விசைப்பிடியைத் தொட்டதற்கும் அதன் பயன் தோன்றுவதற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. அத்தாமதத்தில் திருத்தம் தேவைக்கு மிஞ்சிவிடும். மிஞ்சிய திருத்தத்தைத் திருத்த மறுபுறம் இழுக்க நேரும்.

அன்று நிகழ்ந்தது அதுவே. ஏறத்தாழ 1,000 அடி ஓடிய நிலையில் விமானம் வலப்புறம் விலகிற்று. அமீலியா இடப்புறத்து இயந்திரத்தின் விசையைக் குறைத்தார். மூக்கு நேர்ப்பட்டது, பிழைத்தோம் என்று தோன்றிய அக்கணத்திலேயே, விமானம் நேரில் நில்லாது இடப்புறமாய்ச் சுழலத் தொடங்கிற்று. சுமந்த பெற்றோல் அத்தனையும் அச்சுழற்சிக்கு விசை கூட்டியது. வலப்புறச் சக்கரக்கால் பாரந் தாங்காது முறிந்தது. இறக்கை நிலத்தில் உராய, வயிறு தரையிற் படிந்து, தீப்பொறி பறக்கச் சறுக்கிச் சுழன்று நின்றது. அமீலியா மின்னிணைப்புக்களை உடனே துண்டித்தார். தெய்வாதீனமாகத் தீப்பற்றவில்லை. மூவரும் சிறு காயமுமின்றி இறங்கினர்.

காரணம் யாது? வலப்புறத்து ரயர் வெடித்தது என்றனர் சிலர். சக்கரக்காலின் அதிர்வுதாங்கி முன்னரே பழுதுற்றிருக்கலாம் என்று அமீலியா கருதினார். விசைப்பிடிகளை மாற்றி மாற்றி இயக்கியதே காரணம் என்றார் மாண்ட்ஸ். அவ்வாறு செய்யலாகாதென்று அவர் முன்னரே எச்சரித்திருந்தார். இராணுவத்தார் விசாரணை செய்தனர். ஆயினும் கருத்து வேறுபாடு அடங்கவில்லை. நாம் கூறுவது இவ்வளவே: ரயர் வெடித்ததாயினும், கால் தளர்ந்ததாயினும், முதலில் நேர்ந்த விலகல் சிறிது. அதனைத் தொடர்ந்த திருத்தமே பெரிது. விமானத்தை முறித்தது பிழையன்று. பிழைக்கு மிஞ்சிய திருத்தம்.

கிழக்கு நோக்கித் திரும்பினமை

முறிந்த விமானம் கப்பலில் ஏற்றப்பட்டுக் கலிபோர்ணியாவுக்குத் திரும்பிற்று. ஏளனஞ் செய்தோரும் உளர். அமீலியா சோர்ந்தாரல்லர். நண்பர்களிடம் உதவி பெற்றும், வருங்கால வருவாயை ஈடுவைத்தாற்போலக் கடன்பட்டும் விமானத்தைச் செப்பனிட்டார். பத்து வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மீண்டும் புறப்பட்டார் என்பதொன்றே அவர் மனத்திண்மைக்குச் சான்று.

ஆனால், அவ்விடைவேளையில் மூன்று மாறுதல்கள் நிகழ்ந்துவிட்டன.

முதலாவது, பருவம் மாறிற்று. மார்ச்சுக்குப் பொருந்திய வழி யூனுக்குப் பொருந்தவில்லை. கரிபியன் பகுதியிலும் ஆபிரிக்காவிலும் வானிலை கெடுமுன் அவற்றைக் கடக்க எண்ணி, பயணத் திசையையே மேற்கிலிருந்து கிழக்காக மாற்றினார். ஓடுபாதையில் விமானம் திசை பிறழ்ந்தது. அதன் விளைவாக உலகப் பயணமே திசை திரும்பிற்று.

இரண்டாவது, ஹவுலண்ட் தீவு பயணத்தின் தொடக்கத்திலிருந்து முடிவுக்குச் சென்றது. முன்னைய திட்டப்படி, உடலும் உள்ளமும் களைப்படையுமுன், ஹொனலூலுவிலிருந்து ஏறத்தாழ 1,900 மைல் பறந்து அதனை அடைந்திருப்பர். புதிய திட்டப்படி, ஒரு மாதம் ஓயாது பறந்த பின், நியூகினியிலிருந்து 2,556 மைல் பறந்து அதனைத் தேட வேண்டியதாயிற்று.

மூன்றாவது, மானிங் பிரிந்தார். விடுப்புக் காலம் தீர்ந்ததென்று தம் கப்பலுக்கு மீண்டார். வானொலியை நன்கறிந்த ஒருவரை அக்குழு இழந்தது. எஞ்சிய இருவருக்கும் தந்திக் குறியீட்டிற் போதிய பழக்கம் இல்லை. அது பயனில்லையெனக் கருதி, நெடுந்தொலைவுக்கு உதவும் நீண்ட வானலைக் கம்பியையும் கழற்றி விட்டுவிட்டனர். விபத்திலே யாவருங் காண முறிந்தது சக்கரக்கால். காணாமல் முறிந்தது இவ்வானொலித் துணை.

1937 யூன் 1 ஆந் தேதி மயாமி நகரிலிருந்து அமீலியாவும் நூனனும் புறப்பட்டனர். தென்னமெரிக்கக் கரையைத் தொட்டு, அத்திலாந்திக்கைக் கடந்து, ஆபிரிக்காவை ஊடறுத்து, செங்கடற் கரையிலிருந்து யூன் 15 இல் கராச்சியை அடைந்தனர். செங்கடலிலிருந்து இந்தியாவுக்கு இடையிலே தங்காது பறந்த முதற் பறப்பு அது. கராச்சியில் ஒட்டகத்தின்மேலும் ஏறிப் பார்த்தார் அம்மையார். யூன் 17 இல் கல்கத்தாவின் டம்டம் களத்தில் இறங்கினர். வழியில் பெரும் பறவைகள் விமானத்தின் எதிரே பறந்து அச்சமூட்டின.

நம் கரையிலே சோளகம் வீசும் மாதம் அது. தென்மேற்குப் பருவக்காற்று வங்கத்தை நனைத்திருந்தது. மறுநாட் காலை டம்டம் களம் நீரூறிச் சேறாய்க் கிடந்தது. மேலும் மழை வரின் எழும்பவே இயலாதென்று துணிந்து புறப்பட்டனர். சக்கரங்களைச் சேறு பற்றியிழுக்க, விமானம் நெடுந்தூரம் ஓடி, எல்லையிலிருந்த மரங்களை மயிரிழையில் தாண்டி எழுந்தது. லூக் களத்தில் தவறிய கை, டம்டம் சேற்றிலே தவறவில்லை. தோல்வியிலிருந்து அவர் கற்றுக்கொண்டார் என்பதற்கு இஃதே எடுத்துக்காட்டு. அக்கியாபிலிருந்து இரங்கூன் நோக்கிச் சென்றபோது, இறக்கை விளிம்பின் பூச்சை உரிக்குமளவு கடுமழை தாக்கவே, வீம்பு பாராது அக்கியாபுக்கே திரும்பி, மறுநாள் மீண்டும் முயன்று இரங்கூனை அடைந்தனர். பின்னர் பாங்கொக், சிங்கப்பூர், யாவா, தீமோர், டார்வின் என்னும் இடங்களைக் கடந்து, யூன் 29 இல் நியூகினியின் லே என்னும் ஊரை அடைந்தனர். அதுவரை 22,000 மைல் முடிந்தது. எஞ்சியது 7,000 மைல்.

முடிவு

யூலை 2, காலை 10 மணி. ஏறத்தாழ 1,100 கலன் பெற்றோலுடன் இலெக்திரா லேயின் 3,000 அடி ஓடுபாதையில் ஓடிற்று. விளிம்பு வரை ஓடி, கடல்மேல் தாழ்ந்து, மெல்ல எழுந்தது. அந்த ஓட்டத்தில் திசை சிறிதும் பிறழவில்லை.

ஹவுலண்ட் தீவருகே அமெரிக்கக் கரைகாவற் கப்பலாகிய இட்டாஸ்கா காத்து நின்றது. இரவு முழுதும் இடையிடையே அமீலியாவின் குரல் கேட்டது. விடியலில் மிகத் தெளிவாய்க் கேட்டது. கப்பலின் அருகே வந்திருத்தல் வேண்டும் என்றும், ஆயினும் காண முடியவில்லை என்றும், எரிபொருள் குறைகிறது என்றும் அறிவித்தார். கப்பலின் ஒலிக்குறியை ஒருமுறை செவியுற்றார். ஆனால் தாம் கேட்ட அலைவரிசையிலே திசை காண அவருடைய கருவியால் இயலவில்லை. கப்பலார் திசை காட்ட விரும்பிய அலைவரிசையிலோ விமானம் பேசவில்லை. இருபாலாரும் முன்னரே ஒத்துப் பேசித் தெளியாத குறை அப்பொழுது தலைதூக்கிற்று. கப்பலார் வானில் கரும்புகையை எழுப்பினர். காலை 8 மணி 43 நிமிடத்தில், வடக்குந் தெற்குமாகத் தேடிப் பறப்பதாக இறுதிச் செய்தி வந்தது. புறப்பட்டு 20 மணி நேரம் கடந்துவிட்டது. அதன்பின் குரல் கேட்கவில்லை.

போர்க்கப்பல்களும் விமானந்தாங்கிக் கப்பலாகிய லெக்சிங்டனும் தேடின. யூலை 19 இல் அரசாங்கம் தேடலைக் கைவிட்டது. 1939 ஜனவரி 5 ஆந் தேதி நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவித்தது. பின்னாளில் எழுந்த கதைகள் எண்ணில. தீவொன்றில் ஒதுங்கினார் என்பாரும், பகைவர் கையிற் சிக்கினார் என்பாரும் உளர். 2024 ஆம் ஆண்டு தொடக்கத்தில், கடலடியில் விமானத்தையொத்த உருவம் ஒன்று ஒலியலைக் கருவியிற் பதிந்ததென்று ஒரு குழுவினர் அறிவித்தனர். அவ்வாண்டு இறுதியில், அது பாறையே என்று தெளிந்தது. எரிபொருள் தீர்ந்து, ஹவுலண்டுக்கு அணித்தாயுள்ள கடலில் வீழ்ந்தனர் என்பதே ஆராய்ந்தோர் பலருடைய முடிபு.

நாம் கொள்ளத்தக்கது

மானிங் உடனிருந்திருப்பின் அம்மையார் உய்ந்திருப்பார் என்று துணிந்து கூறல் ஒல்லாது. ஆனால் லூக் களத்து விபத்தின் பின் அவர் செய்தவற்றையும் செய்யாதுவிட்டவற்றையும் ஒருங்கு வைத்து நோக்கல் நம் கடன். முறிந்த கால் செப்பனிடப்பட்டது. நெளிந்த இறக்கை புதுக்கப்பட்டது. எழும்பும் ஓட்டத்தில் அவர் கையும் திருந்திற்று. கண்ணுக்குத் தெரிந்த சேதம் அனைத்தும் நேராயிற்று. கண்ணுக்குத் தெரியாத சேதமாகிய வானொலிக் குறை மாத்திரம் நிரப்பப்படவில்லை. மார்ச் மாதத்தில் நிலத்திலே ஒருமுறை திசை தவறியது. அதன் எஞ்சிய பகுதி யூலை மாதத்தில் வானிலே தவறிற்று. இரண்டும் ஒரே விபத்தின் இரு முனைகள் என்பது நம் துணிபு.

இதனால் அவர் பெருமை குன்றுமோ எனின், குன்றாது. நாற்பது வயதை எட்டச் சில நாட்களே இருந்த ஒரு பெண், உலகஞ் சுற்றும் வழியின் முக்காற் பங்கைக் கடந்து காட்டினார். பெண்ணினத்திற்கு எத்தொழிலும் விலக்கன்று என்பதைச் சொல்லாலன்றிச் செயலால் நிறுவினார். பிழை நேர்ந்தபோது பதுங்காது, உலகறிய மீண்டும் தொடங்கினார். இவை எவராலும் மறுக்கப்படா.

ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் கழித்த நமக்கு, லூக் களத்துச் சில விநாடிகள் வேறொன்றையும் உணர்த்துகின்றன. பல்லாண்டுக்கு முன் மாணவன் ஒருவன் கட்டுரையில் ஒற்றுப்பிழை சில செய்தான். நாம் செம்மையால் தாள் முழுதும் கீறி, வகுப்பின் நடுவே அதனைப் படித்தும் காட்டினோம். ஒற்றுப்பிழை பின்னர் வரவில்லை. அவன் கட்டுரையும் வரவில்லை. சின்னாளிற் பள்ளியையும் விடுத்தான். வலப்புறம் சிறிது விலகியதை இடப்புறம் முழுவதும் இழுத்த குற்றம் அன்று நம்முடையது.

மாலைப் பொழுதில் இவ்வூர்க் கரையிற் சென்று நிற்பது நம் வழக்கம். வள்ளம் திரும்பத் தாமதமாயின் வீட்டார் விளக்கேந்திக் கரைக்கு வருவர். கடலில் உள்ளோர்க்கு அவ்விளக்குத் தெரிகிறதோ என்பது கரையில் நிற்போர்க்குத் தெரியாது. ஆயினும் பிடித்து நிற்பர். அப்பொழுதெல்லாம், வெறும் வானில் புகையெழுப்பி நின்ற அக்கப்பலையும், அதனைக் காணாது மிக அணித்தாய்ப் பறந்து திரிந்த அம்மையாரையும் நினைவுகூர்கின்றோம்.